விழாத இடம்

அன்றைக்குக் காலையில் பிரிக்பீல்ட்ஸ் லைன் வீட்டு வாசலில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: ஓவர்சியர் ஐயா, அவர் மனைவி, பக்கத்து வீட்டு ரயில்வே பாயிண்ட்ஸ்மேன், அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தை, நான். மோட்டார் சைக்கிளையும் சேர்க்க வேண்டும். அதை விட்டுவிட்டு ஆள் எண்ணினால் ஐயா ஒத்துக்கொள்ளமாட்டார்.

பெரிய கிராணி அங்கே இல்லை. எங்கள் ஆபீஸ் தலைமைக் குமாஸ்தாவான அவர் முதல் ரயிலிலேயே கிள்ளானுக்குப் போய்விட்டார். பத்து மணிக்கு அங்கே இருக்கிற ரோட்டு ஆபீஸ் வாசலில் கையில் கடிகாரத்தோடு நிற்பார். பத்துக்குள் அந்த வண்டி அங்கே போய் நின்றால் ஐயா அதை வைத்துக்கொள்ளலாம். போகாவிட்டால் விற்றுவிட வேண்டியதுதான்.

இதை இப்போது இரண்டு வரியில் எழுதிவிட்டேன். அன்றைக்கு இதற்காக விடியுமுன்னே வந்து அந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன்.

ஐயா ரோட்டு ஓவர்சியர். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வரைக்கும் எங்கே தார் பெயர்ந்திருக்கிறது, எந்தப் பாலத்தடியில் தண்ணீர் அரித்திருக்கிறது என்று பார்த்து, கூலிகளை மேய்க்கிற மண்டோர்களுக்கு வேலை சொல்வது அவர் உத்தியோகம். நான் அவருடைய சங்கிலிக்காரன். ரோட்டை அளக்கிற இரும்புச் சங்கிலியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் பின்னால் உட்கார்ந்து போவேன். எல்லோரும் என்னைச் சங்கிலி என்றே கூப்பிட்டார்கள். நான்காம் வகுப்போடு படிப்பை விட்டவனுக்கு அது கெட்ட வேலை இல்லை. ஆனால் எனக்கு அப்போதே பெண்டாட்டியும் பிள்ளைகளும் இருந்தார்கள். பின்சீட்டில் ஏறுகிற ஒவ்வொரு தடவையும் அவர்களுடைய சோற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஏறுவது போலத்தான் இருக்கும்.

வண்டி பழையது. ஐயாவுக்கு முன்னால் ஒரு தோட்டத்துத் துரை ஓட்டியது. இரட்டை சிலிண்டர். டேங்க்கின் பக்கத்தில் கியர் கம்பி. கைப்பிடியில் குட்டிக் குட்டி லீவர்கள். ஒன்று காற்றைக் கூட்டிக் குறைக்க, ஒன்று தீப்பொறியை முந்தியோ பிந்தியோ அடிக்கவைக்க. எண்ணெயைக்கூட ஓட்டுகிறவரே கையால் பம்ப் அடித்துக் கொடுக்க வேண்டும். பெட்ரோலோ கேட்கவே வேண்டாம், குடியாகக் குடிக்கும். கனமோ கனம்.

ஒரு மழைக்காலத்தில் பத்து தீகா என்கிற ஊருக்குப் பக்கத்தில் அது வழுக்கிக்கொண்டு ஓரத்துச் சாக்கடைக் காணுக்குள் இறங்கிவிட்டது. ரோட்டுக் கூலிகள் கயிறு கட்டி இழுத்தார்கள்.

“ஐயா, இதுக்கு ஒரு ஆனைய வாங்கியிருக்கலாம் லா. ஆனைன்னா தானா எந்திரிச்சு வந்துரும்” என்றார் ஒருவர்.

முழங்கால் சேற்றில் நின்றபடி ஐயா சொன்னார்: “ஆனை வளைவுல சாயாதே.”

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. சேற்றில் நிற்கிற மனிதர் சேற்றைப் பற்றியல்லவா பேச வேண்டும்?

பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர். எல்லாவற்றுக்கும் காரணம் வேண்டும் அவருக்கு.

“ஏன் காணும், உந்த எருமையைக் கட்டி இழுக்கிறீர்? சின்ன மெஷின் ஒண்டு எடும். ஒரே உதையிலை ஸ்டார்ட் ஆகும்.”

“ஆகுங்க.”

“பெட்ரோலும் மிச்சம்.”

“மிச்சந்தாங்க.”

“பிறகென்ன?”

“அதத்தாங்க நானும் யோசிக்கிறேன். அதுக்குப் பிறகு என்னன்னு.”

கிராணி என்னைப் பார்த்தார். நான் சங்கிலியைப் பார்த்துக்கொண்டேன்.

ஐயாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு காரியமாகப் போய்த் திரும்புகிறவனை மற்றவர்கள் “முடிஞ்சுதா?” என்று கேட்பார்கள். அவர் “நல்லா இருந்துச்சா?” என்பார். மஸ்ஜித் இந்தியாப் பக்கம் பிள்ளைகளுக்குத் துணி எடுத்துக்கொண்டு வந்தாலும் அதே கேள்விதான். செந்தூலில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வாயில் பஞ்சோடு வந்து நின்றபோதும் அதையே கேட்டார்.

“பல்லு புடுங்குறதுல என்னாங்கையா நல்லா இருக்கும்?” என்று பஞ்சுக்குள்ளிருந்து கேட்டேன்.

“புடுங்கினப்புறம் நாக்கு அந்த எடத்துக்கே போயிப் போயிப் பாத்துட்டு வருமே. அது ஒரு மாதிரி இருக்கும்ல?”

கேலி இல்லை. உண்மையாகவே விசாரித்தார். அன்று முழுக்க என் நாக்கு அங்கேயே போய்க்கொண்டிருந்தது. ஆமாம், ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

இப்படி ஒரு ஆளோடு நாள் முழுவதும் இருந்தால் பயம் பிடித்துக்கொள்ளும். இவ்வளவு வெளிப்படையாக ஒன்றை அனுபவிக்கலாமா? யார் கண்ணாவது பட்டுவிடாதா? நான் என் பிள்ளைகள் நன்றாகச் சாப்பிட்டால்கூட வெளியே சொல்லமாட்டேன்.

பெட்டாலிங் தாண்டி ரோடு ஒரு மேட்டிலிருந்து இறங்கும். இறங்கும்போதே செம்மண் குன்றைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் வளையும். இரண்டு பக்கமும் கித்தா என்கிற ரப்பர் மரங்கள். அந்த மேட்டுக்கு வந்ததும் ஐயா நிமிர்ந்து உட்கார்வார். இடது கட்டைவிரலால் தீப்பொறி லீவரைக் கொஞ்சம் பின்னால் தள்ளுவார். வண்டியின் குரல் தடித்துக் கனத்து, ஒவ்வொரு அடியும் தனித்தனியாக அடித்தொடையில் வந்து விழும். பிரேக்கைத் தொடமாட்டார். வண்டி அப்படியே இடது பக்கம் சாயும். ரோடு என் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்துவிடும். நான் கண்ணை மூடிக்கொண்டு என்னால் முடிந்த அளவுக்கு வலது பக்கம் சாய்வேன்.

ஒருநாள் வளைவு முடிந்ததும் வண்டியை நிறுத்தினார்.

“சங்கிலி, நீ எதுக்கு அந்தப் பக்கம் சாயிற?”

“வண்டி இந்தப் பக்கம் சாயுதேங்கையா. ஒருத்தராச்சும் நேரா இருக்க வேணாமா?”

கைப்பிடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். “நீ நேரா இருந்தீனா மூணு பேரும் வுழுவோம்டா.”

“மூணு பேரா?”

“வண்டியச் சேத்து.”

சிரிப்பு அடங்கியதும், வந்த வழியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “இதோ இப்ப வுழப்போறோம்னு தோணுற எடம் ஒண்ணு வருது பாரு. அங்க அது வுழாது. புடிச்சுக்கும். அந்த ஒரு எடந்தான்டா. அதுக்குத்தான் இது.”

நான் அன்று வீட்டுக்குப் போகிற வரைக்கும் அதை நினைத்துக்கொண்டே போனேன். இப்போது விழப்போகிறோம் என்கிற இடத்தில்தான் நான் பிறந்ததிலிருந்து குடியிருக்கிறேன். வேலை போய்விடும், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிடும், கூரை ஒழுகும். அந்த இடத்தில் ஒரு மனிதருக்குச் சுகம் இருக்கிறது என்றால், நான் என்ன சொல்வது? அவர் வண்டியைத் திருப்பி மேட்டுக்கே போய், அந்த வளைவில் இன்னொரு தடவை இறங்கினார். ஆபீஸ் பெட்ரோல். யாராவது பார்க்கிறார்களா என்று நான் கித்தா மரங்களுக்குள்ளே தேடிக்கொண்டே இறங்கினேன்.

காற்றிலும் அவருக்குக் கணக்கு உண்டு. ஈயம் தோண்டுகிற லம்பத்து வெட்டவெளியில் வெயில் முகத்தில் அறையும். கித்தாத் தோட்டம் தொடங்குகிற இடத்தில் சட்டென்று ஈரத்துணியால் துடைத்தது போல ஒரு குளிர். அதற்கு ஒரு நொடி முன்னால் “இப்ப” என்பார். வரும். ரப்பர் சீட்டுப் புகைபோடுகிற வாடைக்கு ஒரு “இப்ப”. கிள்ளான் ஆற்றுச் சேற்று வாடைக்கு ஒரு “இப்ப”. “ரயில்ல போனா ஊரு நம்மளப் பாத்துட்டு அதும்பாட்டுக்குப் போயிருது. இதுல நாம ஊருக்கு உள்ளாற போறோம்” என்று ஒரு தடவை சொன்னார். எனக்கு ரயிலே போதும் என்றுதான் அப்போது தோன்றியது. ரயிலுக்குச் சுவர் இருக்கிறது.

சின்ன மெஷினை அவர் ஓட்டிப் பார்க்காமல் இல்லை. எங்கள் ஆபீஸுக்குப் புதிய துரை வந்து, எல்லா ஓவர்சியர்களுக்கும் ஆபீஸே சின்ன வண்டி வாங்கித் தரும், பழைய பெரிய வண்டிகளுக்கு இனிமேல் பெட்ரோல் கிடையாது என்று உத்தரவு போட்டிருந்தார். ஓட்டிப் பார்க்கச் சொல்லி ஒன்றைக் கொண்டுவந்து விட்டார்கள். அழகான வண்டி. ஒரே உதை. சைக்கிள் மாதிரி தூக்கி வைக்கலாம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது போல இருந்தது. ஒரு வாரம் அதில் போய்வந்தோம். எங்கும் நிற்கவில்லை, எங்கும் வழுக்கவில்லை.

“எப்படிங்கையா?” என்று ஆசையோடு கேட்டேன்.

அவர் அந்த வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். “குத்தம் ஒண்ணும் இல்ல.”

“அப்ப எடுத்துக்கலாமே?”

“ஆசுபத்திரிக் கஞ்சியிலயும் குத்தம் சொல்ல முடியாது, சங்கிலி.”

பெரிய வண்டியையே வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு எழுதிப்போட்டார். அதற்குத் துரை வைத்த சோதனைதான் இந்தக் கிள்ளான் ஓட்டம். அந்தக் கிழட்டு வண்டி தான் சொல்கிற நாளில் கோளாறு இல்லாமல் பத்து மணிக்குள் கிள்ளானுக்கு வந்து சேர்ந்தால் வைத்துக்கொள்ளட்டும், பெட்ரோலும் தருகிறேன் என்றார். ஆபீஸ் பெட்ரோல் இல்லாமல் அதற்குத் தீனி போட ஓவர்சியர் சம்பளம் காணாது. துரை சொன்ன நாள் சரஸ்வதி பூஜைக்கு மறுநாளாக வந்து வாய்த்தது.

இங்கே அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐயாவின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வண்டியை அக்கா “அவ” என்பார். லைன் முழுக்க அதை ஐயாவின் சின்ன வீடு என்று கேலி பேசியது.

“என்னக்கா, சின்னவ இன்னிக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா போல?” என்பார் பாயிண்ட்ஸ்மேன்.

“அவளுக்கென்ன கொறச்சல்? எண்ணெ தேச்சுத் தொடச்சு வுட ஆளு இருக்கு. எனக்கு ஒரு மொழம் பூவுக்கு நாலு வாட்டி சொல்ல வேண்டியிருக்கு.”

ஒருநாளும் அவர் அதில் ஏறியதில்லை. ஐயா கூப்பிட்டாலும் “நான் எதுக்கு எடையில?” என்று உள்ளே போய்விடுவார். ஆனால் சாயங்காலம் தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டதும் அடுப்பில் காப்பித் தண்ணீர் ஏறிவிடும். நாங்கள் இறங்கும்போது முதலில் சக்கரத்தைப் பார்ப்பார், பிறகு ஐயாவின் காலைப் பார்ப்பார், கடைசியில்தான் முகத்தைப் பார்ப்பார்.

பூஜை அன்றைக்கு அக்கா வண்டியை விட்டுவைக்கவில்லை. வழக்கமாக விளக்கில் ஒரு பொட்டு, கைப்பிடியில் ஒரு பொட்டு, அவ்வளவுதான். அந்த வருஷம் மறுநாள் சோதனை என்று தெரிந்ததால் ஒரு கிண்ணம் நிறையச் சந்தனம் அரைத்துக்கொண்டு வந்தார். “எங்கெங்க கண்ணு இருக்கோ அங்கெல்லாம் வைக்கணும் தம்பி. இவரு இதுமேல ஏறிப் போற அழகுக்கு ஊர்க்கண்ணு பூரா இதுமேலதான்” என்று என்னிடம் சொன்னார். விளக்குக்கு வைத்தார். சக்கரத்துக் குடங்களுக்கு வைத்தார். டேங்க் மூடியின் நடுவில் குண்டூசித் துளை ஒன்று இருந்தது. “பாரேன், இங்கயும் ஒரு கண்ணு” என்று சுண்டுவிரலால் சந்தனத்தை எடுத்து அழுத்தி வைத்து, மேலே குங்குமம் தொட்டார். நான்தான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தத் துளை எதற்கு என்று எனக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது.

மறுநாள் காலையில் நான் டயரை அமுக்கிப் பார்த்தேன். பெல்ட்டை இழுத்துப் பார்த்தேன். பெட்ரோல் போதாமல் போய்விடுமோ என்று முதல் நாளே கழுத்து வரைக்கும் ஊற்றி வைத்திருந்தேன்.

“ஐயா, ஒண்ணும் கவலப்படாதீங்க. வேணும்னா சிக்னலப் போட்டுக் கிராணி போற ரயில வழியிலயே நிறுத்திவச்சிர்றேன்” என்றார் பாயிண்ட்ஸ்மேன்.

“அவரு ரயிலு இந்நேரம் கிள்ளானுக்கே போயிருக்கும்” என்றேன் நான். எனக்கு அந்த வேளையில் கேலி பிடிக்கவில்லை.

“சங்கிலி, நீ இருக்குற எடத்துல பாரமே ரெண்டு மடங்கு லா” என்றார். குழந்தை விழித்து அழுதது. சகுனமா என்று யோசிப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

பெட்டாலிங் வரைக்கும் நன்றாகத்தான் போயிற்று. லம்பத்து வெட்டவெளிக்கு வந்ததும் வண்டி ஒரு தடவை இருமியது. பிறகு விக்கியது. பிறகு நின்றுவிட்டது.

ஐயா பதறவில்லை. பிளக்கைக் கழற்றித் துடைத்தார். நான் வேறென்ன செய்வேன், பெட்ரோல் இருக்கிறதா என்று டேங்க் மூடியைத் திறந்தேன். உஸ்ஸென்று ஒரு சத்தம், யாரோ அடக்கிவைத்திருந்த மூச்சை உள்ளே இழுத்தது போல. பெட்ரோல் நிறைய இருந்தது. மூடினேன். ஐயா உதைத்தார், பிடித்துக்கொண்டது. “பிளக்குதான்” என்றார். நான் எல்லாச் சாமிகளுக்கும் ஒரு சுற்று நன்றி சொன்னேன்.

பத்து தீகா கோப்பிக்கடைக்கு எதிரே மறுபடியும் நின்றது.

இந்தத் தடவை பிளக்குக்கு மசியவில்லை. ஐயா உட்கார்ந்து கார்பரேட்டரைக் கழற்றினார். கடையிலிருந்து சீனர்கள் கோப்பையோடு எழுந்து வந்து பார்த்தார்கள். நான் கடைக்குள் ஓடிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். திரும்பவும் ஓடினேன். முள் ஒவ்வொரு தடவையும் நகர்ந்துதான் இருந்தது.

“டேங்க்கு ரொம்பித்தான் இருக்கு. கீழ சொட்டு எறங்க மாட்டேங்குதே” என்று ஐயா தமக்குள் பேசிக்கொண்டார். திடீரென்று கை நின்றது. எழுந்தார். டேங்க் மூடியை மெதுவாகத் திருகினார். உஸ்ஸ்.

மூடியைக் கவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்தார். துளைக்குள் சந்தனம் கல்லாக இறுகியிருந்தது. மேலே குங்குமம்.

“அக்கா வச்சதுங்கையா” என்றேன். “கண்ணு படக்கூடாதுன்னு.”

அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கோபம் வருமோ என்று பயம். கோபம் வரவில்லை. “அதுக்கு அது வழியாத்தான் மூச்சு. காத்து உள்ள போனாத்தான் பெட்ரோல் கீழ எறங்கும்” என்றார். பிறகு, “அவளுக்கு யாரு சொன்னா? இவ்வளவு வருசத்துல நான் எதைச் சொல்லியிருக்கேன்?” என்றார்.

கடையோரத்துத் தென்னையிலிருந்து ஒரு ஈர்க்கைக் கிள்ளித் துளையைக் குத்திவிட்டார். சுற்றி இருந்த குங்குமத்தைத் துடைக்கவில்லை.

“அவகிட்ட இதைச் சொல்லாத.”

“சொல்லலீங்கையா.”

“கிராணிகிட்டயும்.”

“ஐயா! அவருகிட்ட சொன்னா நேரம் குடுப்பாரே! ஞாயமான காரணமாச்சே!”

“காரணந்தான். நாளைக்கு லைன் பூரா சிரிக்கும். சின்னவ மூக்கைப் பெரியவ பொத்திட்டான்னு பேசும். வேணும்னே செஞ்சான்னும் ஒருத்தன் சொல்லுவான். அவ அதுக்கப்புறம் தலை நிமிந்து குழாயடிக்குப் போவ முடியாது.”

நான் கீழே கிடந்த சாமான்களைப் பொறுக்கிப் பைக்குள் போட்டேன்.

ஆனால் நேரம் முழுக்கப் போய்விடவில்லை. கடைக் கடிகாரப்படி, விரட்டினால் பத்துக்குள் போய்விடலாம். அந்த வண்டிக்கு விரட்டத் தெரியும். நான் ஏறி அவர் இடுப்பை இறுக்கிக்கொண்டேன். பறக்கட்டும், செத்தாலும் பரவாயில்லை என்று அன்றைக்கு ஒருநாள்தான் நினைத்தேன்.

அவர் எப்போதும் போகிற வேகத்திலேயே போனார்.

“ஐயா, நேரம்!”

கித்தாத் தோட்டத்துக் குளிர் வந்தது. “இப்ப” என்று அவர் சொன்னாரா என்று காற்றில் கேட்கவில்லை.

“ஐயா, வெரட்டுங்கையா! உங்கள கையெடுத்துக் கும்பிடுறேன்!” எத்தனை வருஷமாக அந்த முதுகைப் பார்த்து “மெதுவா, மெதுவா” என்று கத்தியவன் நான்.

அவர் தலையைக் கொஞ்சம் திருப்பினார். “வெரட்டிப் போயி இதக் காப்பாத்தலாம், சங்கிலி. போனாலும் போயிருவோம். போவலைன்னா? இன்னிக்குத்தான் கடைசின்னா? இதையும் கடியாரத்துகிட்ட குடுத்துட்டு நான் என்னாத்த வச்சிக்கிறது?”

அது சரியா தப்பா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. விரட்டியிருந்தால் கிடைத்திருக்கும் என்று இன்னும் சில நாள் மனம் கணக்குப் போடுகிறது. அவர் சொல்லி முடித்ததுமே, பெட்டாலிங் மேட்டில் போலவே ரோடு இன்னொரு தடவை வளைந்தது. லீவரைத் தள்ளினார். குரல் தடித்தது. வண்டி சாய்ந்தது, அவர் சாய்ந்தார், அவரோடு சேர்ந்து அதே பக்கம் நானும் சாய்ந்துவிட்டேன். தைரியத்தால் இல்லை. என் கவலை முழுவதும் கிள்ளானில் அந்தக் கடிகாரத்தின்மேல் இருந்ததால், பயப்பட மறந்துவிட்டேன். வண்டி ரோட்டைப் பிடித்துக்கொண்ட அந்த இடத்தில் என் வயிற்றுக்குள் எதுவோ இறங்கி, உடனே மேலே வந்தது. ஒரு நொடிதான். அடுத்த நொடி மறுபடியும் கடிகாரம்.

கிள்ளானில் பெரிய கிராணி வாசலிலேயே நின்றார். கோட்டு அக்குளில் வேர்வை. கடிகாரத்தை மூடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

“ஏன் காணும் பிந்தினீர்? துரை பார்த்திட்டு உள்ளுக்குப் போயிற்றார்.” குரலைத் தாழ்த்தினார். “வழியிலை ஏதும் நடந்ததோ? ஒரு காரணம் சொல்லும். நான் நல்லபடியா எழுதி விடுறன்.”

எழுதியிருப்பார். அவர் முகம் அப்படித்தான் இருந்தது. ஐயா ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் ஐயாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

“ஒண்ணும் நடக்கலீங்க” என்றார். “ரோடு நல்லா இருந்துச்சு.”

“என்ன?”

“ரோடு நல்லா இருந்துச்சுங்க. அதான் மெதுவா வந்தோம்.”

கிராணி கடிகாரத்தை மூடினார். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. உதவி செய்ய வந்தவரைக் கிண்டல் செய்தது போல ஆகிவிட்டதே என்று எனக்கு உடம்பு கூசியது. “உமக்கு விசர், காணும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். துரையிடம் அவர் வேறெதுவும் சொல்லவில்லை என்று பிற்பாடு தெரிந்தது. மணியை மட்டும் சொன்னாராம்.

சுங்கை பூலோவிலிருந்து ஒரு லோரி முதலாளி வண்டியை வாங்குவதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எடுத்துப்போக வந்தார். நல்ல சட்டை போட்டிருந்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “கனமா இருக்கும் போலிருக்கே” என்றார். பாயிண்ட்ஸ்மேன் வாயைத் திறக்கப் போனார். நான் அவர் கையைக் கிள்ளினேன்.

அப்போது அக்கா வெளியே வந்தார். கோவிலுக்குக் கட்டுகிற சேலை கட்டியிருந்தார்.

“ஒரு வாட்டி ஏறிப் பாக்குறேன்” என்றார். ஐயாவிடம் இல்லை, பொதுவாக எல்லோரிடமும். “இத்தன வருசம் இவ சத்தத்தக் கேட்டுத்தான் காப்பி போட்டிருக்கேன். எப்படித்தான் இருக்கான்னு பாத்துட்டு அனுப்புறேன்.”

ஐயா வண்டியை உதைத்தார். அக்கா பக்கவாட்டில் உட்கார்ந்தார். நான் ஓடிப்போய்ச் சேலைத் தலைப்பைச் சுருட்டி அவர் மடியில் செருகினேன். “அக்கா, சக்கரத்துல மாட்டிக்கும். அக்கா, காலை அங்க வைக்காதீங்க, குழாய் சுடும். அக்கா, அவரு சாயும்போது நீங்களும்...” முடிப்பதற்குள் போய்விட்டார்கள். லைன் வீடுகளின் வாசலெல்லாம் தலைகள்.

சத்தம் பங்சார் பக்கமாகப் போய்த் தேய்ந்து, நின்றுவிட்டது. நாங்கள் மூன்று பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு கூட்ஸ் வண்டி போயிற்று. அதற்கப்புறமும் சத்தம் வரவில்லை. சேலை மாட்டிக்கொண்டிருக்கும். லோரி ஏதாவது எதிரே வந்திருக்கும். நான் எந்த ஆசுபத்திரி கிட்டே என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

“ஓட்டிக்கிட்டே போயிட்டாரா?” என்றார் லோரி முதலாளி.

“பினாங்கு வரைக்கும் போயிருப்பாங்க. சாப்பிட்டுட்டுத்தான் வருவாங்க, உக்காருங்க” என்றார் பாயிண்ட்ஸ்மேன்.

வந்தார்கள். அக்காவின் கொண்டை அவிழ்ந்து முதுகில் கிடந்தது. முகமெல்லாம் செம்மண். காற்றுக்குக் கண்ணில் தண்ணீர் வழிந்து இரண்டு கோடு போட்டிருந்தது. நான் ஓடினேன்.

“பயமா இருந்துச்சாக்கா?”

என்னை அவர் பார்க்கவே இல்லை. இறங்கி நின்று, ஐயாவைக் கேட்டார்:

“ஏன் திருப்பினீங்க?”

“இவரு காத்துக்கிட்டு இருக்காருல்ல” என்றார் ஐயா.

“அந்த மேட்டுக்கு அந்தாண்ட ரோடு வளஞ்சு போச்சே. அது எங்க போவுது?”

“கிள்ளானுக்கு.”

“இன்னும் அவ்வளவு ரோடு இருந்துச்சுல்ல” என்றார் அக்கா.

லோரி முதலாளி முன்னால் வந்து கைப்பிடியைப் பிடித்தார். இஞ்சின் சூடு இன்னும் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. அக்காவின் ஒரு கை பின்சீட்டின்மேல் இருந்தது. எடுத்துவிடுவார் என்று நாங்கள் எல்லோரும் நின்றோம். அவர் எடுக்கவில்லை.